மாமல்லபுரத்தில் ஒரு துப்பு விளையாட்டு

பிள்ளைகளை மாமல்லபுரம் அழைத்துப் போனால் அரை மணி நேரத்தில் "வீட்டுக்குப் போகலாமா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். வழிகாட்டியின் ஆண்டுக் கணக்கெல்லாம் அவர்கள் காதில் ஏறாது. புறப்படும் முன் ஏழெட்டுத் துண்டுச் சீட்டுகளில் துப்பு எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் கண்டுபிடித்தால்தான் அடுத்த சீட்டு.

முதல் துப்பை அர்ச்சுனன் தபசு என்ற பெரிய பாறைச் சிற்பத்தில் வையுங்கள்: "இங்கே தவம் செய்யும் திருடன் யார்?" பெரிய யானைக்கு அருகே, முன்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கிறது ஒரு பூனை, சுற்றிலும் எலிகள். மேலே முனிவர் நிற்கும் அதே கோலம்! பெரியவர்களே பலர் பார்க்காமல் கடந்துவிடுகிறார்கள். பக்கத்துக் கிருஷ்ண மண்டபத்தில், பால் கறக்கும்போது பசு என்ன செய்கிறது என்று கேளுங்கள். கன்றை நக்கிக்கொண்டிருக்கும்.

"கலங்கரை விளக்கமாக இருந்த கோயில் எது?" என்றால் குன்றின் மேல் ஏறி ஒலக்கண்ணேஸ்வரர் கோயிலைத் தேட வேண்டும். பாறையில் செதுக்கிய கோயில்களான ஐந்து ரதத்துக்கு என் துப்பு: "பக்கத்தில் நிற்கும் விலங்கின் முதுகுபோல் இருக்கும் கட்டடம்." விடை, கல் யானைக்குப் பக்கத்தில் இருக்கும் நகுல சகாதேவ ரதம்.

செல்பேசியில் தேடக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிற்பங்களைத் தொடவும் கூடாது. காலையிலேயே தொடங்குவது நல்லது. பத்து மணிக்கு மேல் பாறை சுடும். ஐந்து ரதத்துக்கும் கடற்கரைக் கோயிலுக்கும் அன்றைக்கு ஒரே டிக்கெட்தான், தொலைத்துவிடாதீர்கள்.