கழித்துப்போட்ட லெப்டாப்பில் பிள்ளை படிக்க

கோலாலம்பூர் பத்து மூடா ஃப்ளாட்டில் எங்கள் மாடியில் 2020-இல் ஒரே போனை மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றிப் பிடித்தார்கள். அந்த ஆண்டு மலேசியக் கல்வி அமைச்சு எடுத்த கணக்கில் 36.9 விழுக்காடு மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை. இன்று போன் இருக்கிறது. ஆனால் பக்கத்து வீட்டுப் படிவம் நான்கு மாணவி கட்டுரையைக் கட்டைவிரலால்தான் அடிக்கிறாள். அது படிப்பு இல்லை, தண்டனை.

நான் கணினி பழுதுபார்க்கிறவன். அலுவலகங்கள் கழித்துப்போடும் லெப்டாப்பே போதும். கூச்சப்படாமல் கேளுங்கள், சார்ஜரையும் சேர்த்து. முதல் லெப்டாப்பை நான் சார்ஜர் இல்லாமல் வாங்கி வந்து மூன்று வாரம் அலமாரியில் வைத்திருந்தேன். 64-பிட் பிராசசர், 4 ஜிபி ராம், 16 ஜிபி இடம் இருந்தால் சரி. பேட்டரி செத்திருந்தால் பரவாயில்லை. உப்பியிருந்தால் தொடவே வேண்டாம்.

அதில் விண்டோஸுக்குப் பதிலாகக் கூகுளின் இயங்குதளமான குரோம் ஓஎஸ் ஃப்ளெக்ஸ் போடுவோம், இலவசம். வேறொரு கணினியின் குரோம் உலாவியில் 'குரோம்புக் ரிகவரி யுட்டிலிட்டி'யைச் சேர்த்து, அதன் மூலம் ஃப்ளெக்ஸை 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றுங்கள். பென்டிரைவில் இருப்பதெல்லாம் அழியும். பழைய லெப்டாப்பில் அதைச் செருகி, இயக்கியதும் டெல், லெனோவோ என்றால் எஃப்12-ஐயும், எச்பி என்றால் எஃப்9-ஐயும் விடாமல் தட்டி, வரும் பட்டியலில் பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். உடனே நிறுவாமல் முதலில் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி, கேமரா, ஒவ்வொரு எழுத்துப் பொத்தானும் வேலை செய்கிறதா? நிறுவினால் லெப்டாப்பில் உள்ள அத்தனையும் போய்விடும். ஒரு அண்ணனின் கல்யாணப் படங்களை அப்படி நான் தொலைத்தேன். இன்றும் லிஃப்ட்டில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

முதலில் நுழைகிற கணக்குதான் உரிமையாளர். அதனால் அம்மா அல்லது அப்பாவின் ஜிமெயிலைப் போட்டுவிட்டு, அப்புறம் பிள்ளையின் டெலிமா (கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளம்) கணக்கைச் சேருங்கள். பிளே ஸ்டோர் செயலிகள் இதில் வராது. வாட்ஸ்அப்பை உலாவியில் திறக்கலாம்.

ப்ரீபெய்ட் டேட்டா ஒரு மாதம் தாங்காது. டத்தாரான் மெர்டேக்கா அருகில் உள்ள கோலாலம்பூர் நூலகத்துக்கு ஒரு சனிக்கிழமை போய், டெலிமாவில் உள்ள பாடநூல்களை இறக்கிவையுங்கள். கூகுள் டாக்ஸில் ஆஃப்லைன் வசதியை அங்கேயே இயக்கிவிடுங்கள். வீட்டில் இணையம் இல்லாமலே கட்டுரை எழுதலாம். ஐந்து நிமிடம் ஹாட்ஸ்பாட் போட்டால் ஆசிரியருக்குப் போய்விடும்.