இனவாதம் என்று சொல்லும்போது நாம் விடும் தவறுகள்

யாழ்ப்பாணத்தில் இனவாதம் என்ற சொல்லைக் கேள்விப்படாதவர் இருக்க முடியாது. ஆனால் அதை எங்கே பொருத்துவது என்பதில் ஒரே தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன.

வாய்விட்டுத் திட்டினால்தான் இனவாதம் என்று நினைப்பது முதல் தவறு. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தில் தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழிவந்த மலையகத் தமிழர் மீது ஒரு வசைச்சொல்லும் கிடையாது. இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது, தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றுதான் அது கேட்டது. தோட்டத்து லயன் அறையில் வளர்ந்தவர் பூட்டனின் பிறப்புப் பதிவுக்கு எங்கே போவார்? ஏறத்தாழ 7 இலட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். ஆகவே யார் என்ன பேசினார் என்பதோடு, ஒரு விதி யாரை வெளியே தள்ளுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

உரிமை கேட்பதை இனவாதம் என்பது இன்னொரு தவறு. தமிழில் படிவம் கேட்பதும் இராணுவம் வைத்திருக்கும் காணியைத் திருப்பிக் கேட்பதும் எவருடைய உரிமையையும் பறிப்பதில்லை. அதேநேரம் "சிங்களவர் எல்லாரும் இப்படித்தான்" என்று நாம் கதைத்தால், அது பிறப்பை வைத்துத் தீர்ப்புச் சொல்வதுதான். அரசையும் கட்சியையும் அவர்கள் செய்ததைச் சொல்லியே கண்டிக்கலாம்.

பாதிக்கப்பட்டவர்கள் இனவாதிகளாக இருக்க முடியாது என்ற நம்பிக்கைதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. 1990 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணிநேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். தலைமுறை தலைமுறையாகச் சோனகத் தெருவில் வாழ்ந்தவர்கள், வீட்டையும் கடையையும் விட்டுவிட்டுப் போனார்கள். அதைப் 'போர்க்கால நிலைமை' என்று சுருக்கிவிடுகிறோம். மலையகத் தமிழரை இழிவாகக் குறிக்கும் 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லும் இங்கே இன்னும் சில வீடுகளில் கூச்சமில்லாமல் புழங்குகிறது. 1948ஐக் கண்டித்துக்கொண்டே அதைச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

சரி, சாதி? அது வேறு விஷயம் என்பார்கள். 1965இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட இனப் பாகுபாட்டுக்கு எதிரான உடன்படிக்கை நிறம், இனம் ஆகியவற்றோடு வம்சாவளியையும் சேர்த்தே சொல்கிறது. வம்சாவளி என்பதில் சாதியும் அடங்கும் என்று அதன் குழு 2002இல் விளக்கியது. 1968இல் மாவிட்டபுரம் கோயிலுக்குள் போகக் கேட்டு நின்ற ஒடுக்கப்பட்ட சாதியினரை மறித்தவர்களும் தமிழர்கள்தான். வாடகை வீடு கேட்டு வருகிறவரிடம் "சொந்த இடம் எது?" என்று விசாரித்து, ஊர்ப் பெயரைக் கேட்டதும் "வீடு குடுத்தாச்சு" என்று சொல்வதையும் இந்தக் கணக்கில்தான் வைக்க வேண்டும்.