கொன்றை நெற்றை அப்படியே டப்பாவில் போட்டு மூடாதீர்கள்

மரத்தடியில் கிடக்கும் சரக்கொன்றை நெற்றுகளைப் பொறுக்கி அப்படியே ஒரு டப்பாவில் அடைத்தேன். மூன்று வாரம் கழித்து மூடியைத் திறந்தால் முகத்தில் வந்து மோதியவை இரண்டு பழுப்பு அந்துப்பூச்சிகள், அடியில் பாதி விதை தூளாகிக் கிடந்தது. விதை சேர்ப்பவர்கள் பலருக்கும் இது நடக்கும்.

இந்த வேலையைச் செய்யும் பூச்சிகளில் முக்கியமானது கிரிப்டோஃப்ளீபியா ஓம்ப்ரோடெல்டா. கொன்றை, புளி, லிச்சி, மக்கடாமியா கொட்டை எதையும் விடாது. தாய்ப்பூச்சி காயின் மேல் முட்டையை ஒட்டிவிட்டுப் போகும், பொரிந்த புழு காயைத் துளைத்து உள்ளே போய் விதையைத் தின்று, அங்கேயே கூட்டுப்புழுவாகி, வெதுவெதுப்பான பருவத்தில் சுமார் 5 வாரத்தில் பூச்சியாக வெளியே வரும்.

முதலில் நெற்றின் மேல்தோலைப் பாருங்கள். ஓட்டையின் வாயில் பட்டு நூலில் சிக்கிய பழுப்புத் தூள் இருந்தால் ஆள் உள்ளே இருக்கலாம். காலிக் கூடு ஓட்டையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தால் பறந்துவிட்டது. நூலே இல்லாமல் வட்டமாகச் சுத்தமான துளை என்றால் அது பெரும்பாலும் விதை வண்டு, வேறு கதை.

ஓட்டை விழுந்த நெற்றைத் தூக்கி எறிய வேண்டாம். வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பிளந்தால், காசு அடுக்கியது போல் தடுப்புகளும் ஒவ்வொரு அறையிலும் ஒரு விதையும் தெரியும். புழு தடுப்பைக் குடைந்து அடுத்தடுத்த அறைக்குப் போயிருக்கும், ஆனால் அது எட்டாத அறைகளில் விதை பளபளவென்று முழுசாக இருக்கும். முதிர்ந்த புழு இளஞ்சிவப்பாக, 2 செ.மீ. நீளம் வரை இருக்கும்.

அப்புறம் கருப்புச் சதையைக் கழுவி, விதைகளைத் தண்ணீரில் போடுங்கள். மிதப்பது பெரும்பாலும் சொத்தை. மூழ்கியதையும் முழுசாக நம்பிவிடாதீர்கள், இப்போதுதான் உள்ளே போன குட்டிப் புழு இருந்தாலும் விதை மூழ்கும். அதனால் நன்றாக உலர்த்தி, காற்றுப்புகாத பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்துவிடுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது, குளிர் முழுக்க அடங்கிய பிறகுதான், இல்லாவிட்டால் விதையில் நீர் கோத்துக்கொள்ளும். லிச்சி விதைக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள், உலர்த்தினாலே செத்துவிடும்.

பூச்சியைப் பார்க்க ஆசையா? தூள் கசியும் நெற்றை ஜாடியில் போட்டு வாயில் துணி கட்டுங்கள். பெண் பூச்சியின் முன்னிறகு ஓரத்தில் கருமையான முக்கோணப் புள்ளி இருக்கும்.