பெருங்குடல் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பின்: நோய் திரும்பும் அபாயத்தைக் கணிப்பது எப்படி?

நோய் திரும்ப வருமா என்ற கேள்விக்கு விடை தேடுவோர் முதலில் கையில் எடுக்க வேண்டியது, வெட்டியெடுத்த குடல் பகுதியை நுண்ணோக்கியில் ஆராய்ந்து எழுதிய நோய்க்குறியியல் அறிக்கையாகும். பலரும் அதில் எத்தனையாவது நிலை என்பதை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுகிறார்கள், அது போதாது.

அறிக்கையில் ‘டி3, என்1பி, 2/16’ என்று இருப்பதாகக் கொள்வோம். கட்டி குடலின் தசை அடுக்கைத் தாண்டிச் சென்றிருக்கிறது, ஆராய்ந்த 16 நிணநீர்க் கணுக்களில் 2-இல் புற்றுநோய் உள்ளது என்பது இதன் பொருள். அதாவது மூன்றாம் நிலை. கட்டி குடலின் வெளிப்பரப்பையே துளைத்த டி4 ஆகவோ, நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட கணுக்கள் பாதிக்கப்பட்ட என்2 ஆகவோ இருந்தால் அபாயம் கூடும். இங்கே பின்னத்தின் கீழ் எண்ணையும் கவனியுங்கள். குறைந்தது 12 கணுக்களை ஆராய்ந்திருக்க வேண்டும். ‘0/7’ என்று இருந்தால், பரவவில்லை என்ற முடிவை முழுமையாக நம்ப முடியாது. பாதுகாத்து வைத்துள்ள திசுவில் மேலும் கணுக்களைத் தேட இயலுமா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

கணுக்களுக்குப் பரவாத இரண்டாம் நிலையில் கீமோதெரபி தேவையா என்பதைத் தீர்மானிக்க, இரத்த நாளங்களிலோ நரம்புகளைச் சுற்றியோ புற்றணுக்கள் ஊடுருவியதா, குடல் அடைபட்டோ ஓட்டையாகியோ இருந்ததா என்பவையும் கணக்கில் கொள்ளப்படும். டிஎன்ஏ பிழைகளைச் சரிசெய்யும் புரதங்கள் கட்டியில் உள்ளனவா என்று பார்க்கும் எம்எம்ஆர் பரிசோதனையும் கட்டாயம் வேண்டும்: அப்புரதங்கள் குறைபட்ட இரண்டாம் நிலைக் கட்டிகள் திரும்பும் வாய்ப்பு பொதுவாகக் குறைவு.

பெருங்குடல் புற்றுநோயில் உயரக்கூடிய ஒரு புரதத்தை அளக்கும் சிஇஏ இரத்தப் பரிசோதனையில் ஒற்றை அளவைக் கண்டு அஞ்ச வேண்டாம். புகைபிடிப்போருக்கு அது இயல்பாகவே சற்று உயர்ந்திருக்கும். அடுத்தடுத்த பரிசோதனைகளில் தொடர்ந்து ஏறுகிறதா என்பதே முக்கியம். இரத்தத்தில் கட்டியின் டிஎன்ஏ துணுக்குகளைத் தேடும் புதிய பரிசோதனையும் உண்டு. அறுவைக்குச் சில வாரங்கள் கழித்தும் அவை தென்பட்டால் நோய் திரும்பும் வாய்ப்பு மிக அதிகம். தென்படாவிட்டாலோ அபாயம் குறைகிறதே தவிர, அறவே நீங்குவதில்லை.

திரும்பும் நோயில் பெரும்பகுதி முதல் மூன்று ஆண்டுகளுக்குள் வெளிப்படுவதால், அக்காலத்தில் சிஇஏ, சிடி ஸ்கேன் எதையும் தள்ளிப்போடாதீர்கள். குடலுக்குள் கேமராக் குழாயைச் செலுத்திப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி வழக்கமாக ஓராண்டில் செய்யப்படும். அடைப்பினால் அறுவைக்கு முன் குடல் முழுவதையும் பார்க்க முடியாமற்போனவர்கள் மட்டும் மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள்ளேயே அதைச் செய்துகொள்ள வேண்டும்.