பாதி மூளை ஸ்கேனை எம்என்ஐ டெம்ப்ளேட்டில் பொருத்துவது எப்படி?

நினைவோடு தொடர்புள்ள மூளைப்பகுதியான ஹிப்போகாம்பஸை 1.5 மி.மீ. நுணுக்கத்தில் எடுக்கும்போது, முழுத் தலைக்கும் ஸ்லைஸ் போட பெரும்பாலும் நேரம் இருக்காது. நடுவில் ஒரு பட்டையை மட்டும் எடுப்போம். அதை நேரே எம்என்ஐ152 என்ற பொதுவான மாதிரி மூளையோடு பொருத்தச் சொன்னால், எஃப்எஸ்எல் என்ற மூளைப்பட மென்பொருளின் பொருத்தும் கருவியான ஃப்ளர்ட் பட்டையை இழுத்து நீட்டிவிடக்கூடும். நாம் எதுவும் சொல்லாவிட்டால் அது நகர்த்தல், சுழற்றலோடு நீட்டல், சாய்த்தல் என 12 விதமாக மாற்றிப் பார்க்கும். அதனால் படிப்படியாகத்தான் போக வேண்டும். எஃப்எஸ்எல் நிறுவி, டி1 படத்தில் (மூளையின் அமைப்பைத் தெளிவாகக் காட்டும் எம்ஆர்ஐ படம்) மண்டையோட்டை நீக்கி வைத்திருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

1. இடைப்படம். பட்டைக்கும் டி1-க்கும் நடுவே பாலமாக இருக்கப் போவது இது. ஸ்கேன் நாளிலேயே, அதே அமைப்புகளோடு ஸ்லைஸ்களை மட்டும் கூட்டி, முழு மூளைக்கும் ஒரு எபிஐ (பட்டையை எடுத்த அதே வேகமான எம்ஆர்ஐ வகை) எடுத்துவிடுங்கள். ஓரிரண்டு வால்யூம் போதும். ஃபேஸ் என்கோடிங் திசை (எபிஐ படம் நெளியும் திசை) மட்டும் மாறவே கூடாது. மாறினால் இரண்டு படங்களும் வேறு வேறு பக்கம் நெளிந்திருக்கும்.

2. பட்டையிலிருந்து இடைப்படத்துக்கு. இங்கேதான் நிதானம் தேவை. ஃப்ளர்ட்டில் டிஓஎஃப் (எத்தனை விதமாக மாற்றலாம் என்ற எண்) 6 என்று கொடுங்கள், நகர்த்தலும் சுழற்றலும் மட்டும் இருக்கும். நீட்டும் வேலை நின்றுவிடும். அப்புறம் 'யூஸ்எஸ்க்யூஃபார்ம்', 'நோசர்ச்' இரண்டையும் சேர்த்தே போடுங்கள். நோசர்ச் மட்டும் போட்டால் இரு படங்களின் மூலைகளையும் ஒன்றாக வைத்துத் தொடங்கும். பட்டை மூளையின் அடியில் போய் நிற்கும். எஸ்க்யூஃபார்ம் இருந்தால், படக்கோப்பின் தகவல் பகுதியான ஹெடரில் ஸ்கேனர் எழுதிவைத்த இடத்திலிருந்தே தொடங்கும். ஒரே அமர்வில் எடுத்த படங்களுக்கு அதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

முடிந்ததும் படம் பார்க்கும் கருவியான எஃப்எஸ்எல்ஐஸில் ஒன்றன்மேல் ஒன்றாகத் திறந்து, வென்ட்ரிக்கிள் (மூளைக்குள் திரவம் நிறைந்த அறை) ஓரங்களைப் பாருங்கள். பொருத்தம் எப்படி என்று ஃப்ளர்ட் சொல்லும் காஸ்ட் எண்ணை மட்டும் நம்பாதீர்கள்.

3. இடைப்படத்திலிருந்து டி1-க்கு. எஃப்எஸ்எல்லின் எபி_ரெஜ் கருவி போதும். கிரீவும் ஃபிஷ்லும் 2009-இல் முன்வைத்த, வெள்ளைப் பொருளின் எல்லையைப் பின்பற்றும் முறை அது.

4. டி1-இலிருந்து எம்என்ஐக்கு. டிஓஎஃப் 12-இல் ஃப்ளர்ட், பிறகு வளைத்துப் பொருத்தும் ஃப்னர்ட். வழக்கமான வேலைதான்.

5. சேர்ப்பது. ஒவ்வொரு பொருத்தமும் ஒரு மேட்ரிக்ஸை (மாற்றத்தைச் சொல்லும் எண் அட்டவணை) தரும். அவற்றைச் சேர்க்கும் கன்வெர்ட்_எக்ஸ்எஃப்எம்மில் 'கான்கேட்' கொடுக்கும்போது பின்னால் நடக்கும் படியின் மேட்ரிக்ஸை முதலில் எழுத வேண்டும்: முதலில் இடைப்படம்–டி1, பிறகு பட்டை–இடைப்படம். மாற்றி எழுதினாலும் பிழைச் செய்தி வராது, படம்தான் தப்பாக வரும். கிடைத்த மேட்ரிக்ஸை, படத்தை மாற்றும் கருவியான அப்ளைவார்ப்பில் 'ப்ரீமேட்' ஆகவும், ஃப்னர்ட்டின் வார்ப்பை (வளைவு விவரக் கோப்பு) கூடவும் கொடுத்து ஒரே தடவையில் மாற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் புதுப் படம் எழுதினால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மங்கும், 1.5 மி.மீ.க்குப் பட்ட பாடு வீண்.

ஏஎஃப்என்ஐ என்ற இன்னொரு மூளைப்பட மென்பொருள் பழகியவர்களுக்கு அதிலேயே பகுதிப் படங்களுக்கென்று தனி விருப்பம் இருக்கிறது. எனக்கு எஃப்எஸ்எல்தான் பிடிக்கும். ஒவ்வொரு மேட்ரிக்ஸும் திறந்து படிக்கக்கூடிய நாலுக்கு நாலு எண்களாகக் கையில் இருக்கும்.

பின்சேர்க்கை: இடைப்படமே எடுக்காதவர்கள் பட்டையை நேரே டி1-க்குக் கொண்டுபோகலாம். ஆனால் எபி_ரெஜ் தானாகவே ஒரு முதல் பொருத்தம் செய்யும், பட்டையில் அதுவே தடம் புரளக்கூடும். இரண்டாம் படியில் சொன்னபடி 6 டிஓஎஃப் மேட்ரிக்ஸைத் தனியாக எடுத்து, ஃப்ளர்ட்டின் பிபிஆருக்கு (மூன்றாம் படியில் சொன்ன, எல்லையைப் பின்பற்றும் முறை) தொடக்க நிலையான 'இனிட்' ஆகக் கொடுங்கள்.

இன்னொன்று: ஒவ்வொருவரின் பட்டை மாஸ்கையும் (பட்டை இருக்கும் இடத்தை மட்டும் குறிக்கும் படம்) அருகாமை இடைக்கணிப்பில் (அருகிலுள்ள புள்ளியின் மதிப்பையே எடுக்கும் முறை) எம்என்ஐக்கு மாற்றி, எல்லாருக்கும் பொதுவாக உள்ள பகுதியில் மட்டும் குழுப் பகுப்பாய்வு செய்யுங்கள். பட்டைக்கு வெளியே இருக்கும் சுழியம் அளவீடு இல்லை.