போல்டுக்குச் சோடி தேடும் முறை

டிசம்பரில் மகள் ரொறன்ரோவில் இருந்து கைக்குழந்தையோடு வருகிறாள். அவள் படுத்த இரும்புத் தொட்டிலைப் பரணில் இருந்து இறக்கினோம். முப்பது வருடத்துச் சாமான். பெயின்ட் பரவாயில்லை, ஒரு பூச்சு அடித்தால் போதும். போல்ட்கள் எட்டும் ஒரு நெஸ்டமோல்ட் டின்னுக்குள் பத்திரமாக இருந்தன. நட்தான் மூன்றே மூன்று. மிச்சம் ஐந்தும் எந்த வீடு மாறும்போது போனதோ.

ஐந்து நட் வாங்குவது ஒரு வேலையா என்று கொழும்பு காலி வீதியில் உள்ள ஹார்ட்வெயார் கடைக்கு நடந்தேன். கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை. வீட்டிலேயே அடிமட்டம் வைத்து அளந்துவிட்டேன், எட்டு மில்லிமீற்றர். இருபத்தாறு வருடமாகக் கணிதம் படிப்பிக்கிறவளுக்கு அளவு பிழைக்குமா என்ற திமிர். "எட்டு எம்.எம். நட் அஞ்சு தாங்கோ" என்றேன், தந்தார்கள். வீட்டுக்கு வந்து போட்டால் விரலால் இரண்டு சுற்று லேசாகப் போனது, மூன்றாவதில் இறுகிவிட்டது. துரு என்று நினைத்துத் தையல் மெஷின் எண்ணெய் விட்டேன். அப்போதும் அசையவில்லை. ஸ்பனரைப் போட்டுத் திருகினேன், போனது. அந்தச் சந்தோஷம் ஐந்து நிமிடம். கழற்றிப் பார்த்தால் போல்டைச் சுற்றி வெட்டியிருக்கும் புரியெல்லாம் மழுங்கி, மினுமினு என்று இரும்புத் தூள் கொட்டியது. ஒரு போல்ட் பாழ்.

கடைக்காரர் நான் கேட்டதைத்தான் தந்தார். வாயால் வடை சுட்டது நான்.

நடந்தது இதுதான். அந்தத் தொட்டில் அங்குலக் கணக்கில் செய்தது. போல்ட் 5/16 அங்குலம், அதாவது 7.94 மி.மீ. நான் வாங்கியது மெட்ரிக், அதாவது மில்லிமீற்றர் கணக்கு. அதில் எட்டுக்குப் பெயர் எம் 8. விட்டம் ஏறக்குறைய ஒன்றே. பள்ளிக்கூட ஆய்வுகூடத்து வேர்னியர் இடுக்கிமானியைக் கொண்டுவந்து அளந்தாலும் பிடிபடாது. ஏனென்றால் எம் 8 என்று விற்கிற போல்டும் 8 இருக்காது, 7.8, 7.9 என்று கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும். இரண்டையும் பிரிப்பது புரிக்குப் புரி உள்ள தூரம். எம் 8 சாதாரணப் புரியில் அது 1.25 மி.மீ. 5/16-ல் ஓர் அங்குலத்துக்கு 18 புரி, அதாவது 1.41 மி.மீ. ஒரு புரிக்கு இந்த மயிரிழை வித்தியாசம் ஒன்றும் செய்யாது, மூன்றாவது நாலாவது புரியில் சேர்ந்துவந்து கழுத்தைப் பிடிக்கும். விரலால் இரண்டு சுற்றுப் போய் நிற்கிற நட் என்றால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். எண்ணெயும் பலமும் பிறகு.

ஆகவே முதல் வேலை, பொருளையே கடைக்குக் கொண்டுபோவது. போல்டுக்கு நட் தேவை என்றால் போல்டையும், இருக்கிற பழைய நட் ஒன்றையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். இருப்பதிலேயே புரி சுத்தமானதைத் தெரிவு செய்யுங்கள். துருப்பிடித்ததாக இருந்தால் மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவிட்டு, பழைய பல் தூரிகையால் தேய்த்துவிட்டுப் போங்கள். துரு அடைத்த புரியில் சரியான நட்டே ஏறாது, கடைக்காரர் பிழையானது என்று அடுத்த பெட்டிக்குப் போய்விடுவார்.

போல்ட் தொலைந்து, மெஷினிலோ கதிரையிலோ புரி வெட்டிய ஓட்டை மட்டும் மிஞ்சியிருந்தால்? சீவாத பென்சிலை ஓட்டைக்குள் வைத்து அழுத்தித் திருகி எடுங்கள். மரத்தில் புரியின் தடம் விழும். எம் 8 ஓட்டைக்குச் சாதாரண அறுகோணப் பென்சில் அளவெடுத்துச் செய்தது போல் பொருந்தும். சின்ன ஓட்டைக்கு ஐஸ்கிரீம் குச்சியைச் சீவிக்கொள்ளலாம். ஆழம் பார்க்க ஈர்க்கு இருக்கிறது. உள்ளே விட்டு, வாயோடு சேரும் இடத்தில் நகத்தால் கிள்ளி, அந்தத் துண்டையும் கொண்டுபோங்கள். ஆழத்தைவிட நீளமான போல்ட் வாங்கினால் தலை வந்து உட்காரும் முன்பே நுனி அடியில் முட்டிவிடும்.

புரியை எண்ணுவது சுலபம். அடிமட்டத்தைப் போல்டோடு ஒட்டிப் பிடித்து 10 மி.மீ.-க்குள் எத்தனை முகடு என்று எண்ணுங்கள். எட்டு வந்தால் எம் 8, ஏழு வந்தால் 5/16. எம் 6 என்றால் பத்து வரும். ஆனால் எல்லாச் சோடிக்கும் இந்தக் கணக்கு இவ்வளவு நேராக வராது. கால் அங்குலப் போல்டிலும் பத்து மில்லிமீற்றருக்கு எட்டுத்தான் வரும், அங்கே விட்டம் காட்டிக்கொடுக்கும், 6.35. எம் 10-க்கும் 3/8-க்கும் புரி கிட்டக்கிட்ட, விட்டத்தில்தான் அரை மில்லிமீற்றர் வித்தியாசம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆளைப் பிடிக்கலாம்.

கண் மங்கினவர்களுக்கு, அதாவது எனக்கு, இன்னொரு வழி உண்டு. அளவு தெரிந்த ஒரு போல்டையும் தெரியாத போல்டையும் பக்கத்துப் பக்கமாக, புரியோடு புரி கோர்த்து, வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். ஒன்றுக்குள் ஒன்று பல் போல் படிந்து வெளிச்சம் தெரியாவிட்டால் ஒரே புரி. ஓரத்தில் இடைவெளி தெரிந்தால் வேறு. கொழும்பு 12, பழைய சோனகத் தெருவில் ஒரு கடைப் பையன் அரை வினாடியில் இதைச் செய்துகாட்டினான். ஓலெவல் வகுப்புக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று அங்கேயே நினைத்துக்கொண்டேன்.

ஸ்பனர் இலக்கத்தைச் சொல்லிக் கேட்கிறவர்கள் நிறைய. "பதின்மூன்று போல்ட்" என்பார்கள். பதின்மூன்று என்பது தலையின் அகலம், போல்டின் அளவு அல்ல. 13 ஸ்பனர் பிடிப்பது எம் 8, 10 பிடிப்பது எம் 6. ஜப்பான் கார் என்றால் அதுவும் மாறும், எம் 8-க்கு 12, எம் 10-க்கு 14. அந்தக் கார்களில் எம் 10 போல்ட் பல இடங்களில் நுண்புரி, 1.5-க்குப் பதில் 1.25. வாகனச் சாமான் என்றால் ஹார்ட்வெயார் கடையில் மினக்கெடாமல் நேரே பஞ்சிகாவத்தைக்குப் போய்விடுங்கள்.

எங்கே போவது என்றால், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள சின்னக் கடைகளில் அன்றாடம் போகிற மெட்ரிக் அளவுகள் கிடைக்கும். அங்குலம், நுண்புரி, எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்று ஆரம்பித்தால் கொழும்பு 12-க்குப் போக வேண்டும். பழைய சோனகத் தெரு, குவாரி வீதிப் பக்கம். நான் 101-ல் ஏறிப் புறக்கோட்டையில் இறங்கி நடந்தேன். போயா தினத்தில் போகாதீர்கள், ஞாயிறும் வேண்டாம். வெள்ளிக்கிழமை என்றால் ஜும்ஆ நேரத்தை விட்டுவிட்டுப் போங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், காலையில் போவது. பதினொரு மணிக்குப் பிறகு மொத்த வியாபாரிகளின் லொறிகள் வந்துவிடும், ஐந்து நட்டுக்காக யாரும் ஏணியில் ஏற மாட்டார்கள்.

முதல் கடையில் என்னைப் பார்த்தவுடனேயே, "அண்ணாவ ஃபோன்ல எடுத்துக் குடுங்க, நான் கேட்டுக்கிறேன்" என்றார்கள். வீட்டில் போல்ட் விஷயம் தெரிந்த அண்ணா யாரும் இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்கு நடந்தேன். அங்கே இருந்த முஸ்லிம் கடைக்காரர், நானா, ஒன்றும் கேட்கவில்லை, கையை மட்டும் நீட்டினார். போல்டை உள்ளங்கையில் வைத்தேன். கட்டைவிரல் நகத்தைப் புரியில் ஓட்டிவிட்டு, "இது விட்வர்த், தங்கச்சி. பழைய சாமானா?" என்றார். ஐம்பத்தாறு வயதில் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்ட கடை அதுதான். இனி அங்கேதான் வாங்குவேன்.

விட்வர்த் என்பது இங்கிலாந்துக்காரர் ஜோசப் விட்வர்த் 1841-ல் வகுத்த புரி. முகட்டின் கோணம் 55 பாகை. அமெரிக்க அங்குலப் புரி யூ.என்.சி.-க்கு 60 பாகை. 5/16-ல் இரண்டுக்கும் அங்குலத்துக்கு 18 புரிதான், ஆகவே தொட்டில், கதவு, மேசை மாதிரியான வேலைக்கு ஒன்றில் மற்றது ஏறும். அரை அங்குலத்தில் ஏமாந்துவிடாதீர்கள், விட்வர்த்துக்கு 12, யூ.என்.சி.-க்கு 13.

கடையில் சிங்களத்தில் கேட்க வேண்டி வந்தால் போல்டும் நட்டும் சேர்த்து 'எண முரிச்சி'. முரிச்சி என்றால் நட். மரையும் முரிச்சியும் கழண்டவர்களைப் பற்றிய பகிடிகள் இரண்டு மொழியிலும் தாராளமாக உண்டு.

எதைத் தந்தாலும் காசு கொடுக்கும் முன் கவுன்டரிலேயே விரலால் திருகிப் பாருங்கள். ஸ்பனர் இல்லாமல், போல்டின் தலைப்பக்கம் வரை, குறைந்தது ஐந்தாறு சுற்று. ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு மற்றதை அப்படியே பையில் போடாதீர்கள், ஐந்தையும் பாருங்கள். ஒரே பெட்டிக்குள் எம் 8-ம் 5/16-ம் கலந்து கிடப்பது புதினம் இல்லை. எனக்கே ஒன்று அப்படி வந்தது. கடைப் பையன் நாக்கைக் கடித்துக்கொண்டு மாற்றித் தந்தான்.

அப்புறம் உலோகம். வெள்ளவத்தையில் கடல் பக்கத்து ஒழுங்கையில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளிபோல் மினுங்குகிற நாகம் (ஸிங்க்) பூசிய போல்டைப் பல்கனியில் போட்டால் உப்புக் காற்று தின்றுவிடும். வெளியே போடுவதற்கு எஸ்.எஸ். கேளுங்கள். தலையில் ஏ2 என்று இருந்தால் சாதாரண எஸ்.எஸ்., ஏ4 என்றால் உப்புக்கு இன்னும் நன்றாகத் தாங்கும். கையில் காந்தம் வைத்துச் சோதிப்பவர்கள் உண்டு, எஸ்.எஸ். போல்டும் சிலவேளை லேசாக ஒட்டும், அதை மட்டும் நம்பாதீர்கள். எஸ்.எஸ்.-ஐ எஸ்.எஸ்.-ஓடு வேகமாக முறுக்கினால் புரியோடு புரி பிடித்துக்கொண்டு கழலவே கழலாது. ஒரு துளி கிரீஸ் தடவி, ஆறுதலாக முறுக்குங்கள்.

தலையில் 8.8 என்று பொறித்திருந்தால் அது பலத்தின் இலக்கம். பாரம் தாங்கும் இடத்தில் 8.8 கழற்றினால் 8.8-தான் திரும்பப் போட வேண்டும், எஸ்.எஸ். பளபளப்பாக இருக்கிறதே என்று மாற்றாதீர்கள்.

நீளத்தைத் தலைக்குக் கீழே இருந்து அளக்க வேண்டும். தலை மரத்துக்குள் அமுங்குகிற போல்ட் என்றால் மட்டும் தலையும் சேர்த்து. நட் போட்ட பிறகு இரண்டு மூன்று புரி வெளியே நீண்டிருப்பது நல்லது. தொட்டிலில் அதுவே தொல்லை, பிள்ளையின் கை படும். நானாவிடம் சொன்னேன், தொப்பி நட் எடுத்துத் தந்தார். போல்ட் நுனியை மூடிக்கொள்ளும் உருண்டைத் தலை நட். ஆனால் உள்ளே அடி இருக்கிறதே, போல்ட் நீளமாக இருந்தால் இறுகாமலே முட்டி நின்றுவிடும். இரண்டு வாஷர் போட்டுச் சரிக்கட்டினேன். ஆட்டுகிற சாமான் என்றபடியால் அதில் ஒன்று ஸ்பிரிங் வாஷர்.

பாழாக்கிய போல்டுக்குப் பதிலாக ஒன்றும், எட்டுத் தொப்பி நட்டும், கையிருப்புக்கு இரண்டு சோடியும் வாங்கினேன். வந்த அன்று பின்னேரமே தொட்டில் நின்றது. கால்மணி நேரம் ஆட்டிப் பார்த்தேன், ஒரு கிரீச் இல்லை. மிச்சச் சோடி இரண்டும் அதே நெஸ்டமோல்ட் டின்னுக்குள் இருக்கின்றன. மூடியின் உள்பக்கத்தில் பிளாஸ்டர் ஒட்டி எழுதியிருக்கிறேன்: 'தொட்டில். 5/16 அங்குலம், 18 புரி. எம் 8 அல்ல.'