டாட்ஜ் ராமில் பி7100 பம்ப் மாட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய டாட்ஜ் ராம் பிக்கப் ஒன்றை வாங்கி, வீட்டு கராஜிலேயே டீசல் பம்பை மாற்றிப் போடும் ஆசை எனக்குத் தெரிந்த அமெரிக்கத் தமிழ்ப் பையன்கள் சிலருக்கு வந்திருக்கிறது. உதவிக்குக் கூப்பிடுகிறார்கள், போய்ப் பார்க்கிறேன். ஆரம்பத்தில் நான் பண்ணிய அதே கோளாறுகளை வரிசை மாறாமல் பண்ணிக்கொண்டிருக்கிறார்கள். காப்பர் வாஷரை மறுபடி பயன்படுத்தாதே, டேங்கைக் கழுவு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதலில் ஏன் மாற்றுகிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன். 1998 நடுவிலிருந்து 2002 வரை வந்த 24 வால்வு 5.9 லிட்டர் கம்மின்ஸில் இருப்பது பாஷ் விபி44, எலெக்ட்ரானிக் பம்ப். அதைக் குளிர வைப்பதும் வழவழப்பாக வைத்திருப்பதும் உள்ளே ஓடும் டீசல்தான். டேங்கிலிருந்து டீசலை அனுப்பும் லிஃப்ட் பம்ப் சரியாகத் தள்ளாவிட்டால் இது சீக்கிரம் போய்விடும். அதனால் 1994 முதல் 1998 வரையிலான 12 வால்வு வண்டிகளில் வந்த பாஷ் பி7100 பம்பைத் தேடி வாங்கி மாட்டுகிறார்கள். இது ஆறு பிளஞ்சர் வரிசையாக நிற்கும் முழு மெக்கானிக்கல் பம்ப், மசகுக்கு இன்ஜின் ஆயிலையே எடுத்துக்கொள்ளும். இதே 5.9 குடும்பத்து இன்ஜின் ஜாம்ஷெட்பூரில் தயாராகி டாடா லாரிகளிலும் வந்தது. ஊரில் லாரிப் பட்டறையில் நின்றவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது.

டேப்பரில் எண்ணெய்

என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்தும் தவறு இதுதான். பணமும் இதில்தான் அதிகம் போகிறது.

பி7100 பம்பின் ஷாஃப்ட்டில் கியரைப் பூட்டி வைக்கும் சின்ன இரும்புத் துண்டான கீ கிடையாது, அது உட்காரும் பள்ளமான கீ-வேயும் கிடையாது. கூம்பாகக் கடைந்த ஷாஃப்ட் (டேப்பர் என்பது இந்தக் கூம்புதான்), அதே கூம்பில் துளையுள்ள கியர், இரண்டையும் சேர்த்து இறுக்கும் ஒரு நட். அவ்வளவுதான். டைமிங், அதாவது டீசல் எந்தக் கணத்தில் பீய்ச்ச வேண்டும் என்ற கணக்கு, முழுவதும் அந்த இரண்டு உலோகப் பரப்பும் ஒன்றையொன்று கடித்துப் பிடிப்பதில் இருக்கிறது. நட்டுக்குச் சொல்லப்பட்ட டார்க் 195 நியூட்டன் மீட்டர், அதாவது 144 அடி-பவுண்டு. டார்க் ரெஞ்ச் 'கிளிக்' என்றதும் பையன்கள் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். டேப்பரில் எண்ணெய்ப் படலம் இருந்தாலும் ரெஞ்ச் அதே 'கிளிக்'கைத்தான் சொல்லும். பிடிப்பு இருக்கிறதா இல்லையா என்பது அதற்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்த ஒருவர் ரீகண்டிஷன் பம்ப் வாங்கி மாட்டினார். கராஜில் அருமையாக ஓடியது. டிரெய்லரைக் கட்டிக்கொண்டு ஃபீனிக்ஸிலிருந்து ஃப்ளாக்ஸ்டாஃபுக்கு ஐ-17 சாலையில் ஏறினார். கிட்டத்தட்ட 1,800 மீட்டர் ஏற்றம். பாதி வழியில் இழுவை செத்துப்போனது, பின்னால் வெள்ளைப் புகை. வண்டியை அணைத்தால் திரும்ப ஸ்டார்ட் ஆகவில்லை. லோடில் பம்ப் சுற்ற மறுத்து இழுக்கும். கியர் முன்னே போகும், ஷாஃப்ட் பின்தங்கும். டைமிங் பின்னுக்குப் போய்விடும். பம்ப் இன்ஜினின் பாதி வேகத்தில் சுற்றுவதால், பம்பில் ஒரு டிகிரி நழுவினால் கிராங்கில் அது இரண்டு டிகிரி. கம்பெனி டைமிங்கே பெரும்பாலும் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 12 முதல் 14 டிகிரி முன்புதான். அதில் நாலைந்து போனால் என்ன மிஞ்சும்?

அவர் பம்ப் கடைக்காரரோடு சண்டை போட்டார். அப்புறம் புது இன்ஜெக்டர் ஆறு வாங்கினார். கியரைக் கழற்றிப் பாருங்கள் என்று நான் சொன்னது அதற்கெல்லாம் அப்புறம்தான் அவர் காதில் ஏறியது. கழற்றினால் டேப்பர் முழுக்க வரி வரியாகக் கீறல். கியரும் வீண், பம்பும் மறுபடி கடைக்கு. ஒரு டப்பா பிரேக் கிளீனரில் முடிந்திருக்க வேண்டிய வேலை.

அவர் டேப்பரைத் துடைக்காமல் இல்லை. துடைத்தார், ஆனால் நேரம் தப்பித் துடைத்தார். எல்லோரும் தவறுவது இங்கேதான். டைமிங் வைக்கும்போது டயல் கேஜில் பிளஞ்சர் லிஃப்ட் பார்த்து, கியரை ஷாஃப்ட்டிலிருந்து விடுவித்து, இன்ஜினை மட்டும் டிடிசி-க்கு, அதாவது முதல் பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடத்துக்கு, சுற்றிக் கொண்டுவருகிறோம். கியர்கள் சுற்றும்போது மேலிருக்கும் ஆயிலெல்லாம் வழிந்து டேப்பருக்குள் இறங்கும். முதலிலேயே துடைத்திருந்தால் அந்தத் துடைப்பு வீண்.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். இன்ஜினைச் சுற்றும் வேலையெல்லாம் முடிந்து, டிடிசி-யில் நின்ற பிறகு, கடைசியாகச் சுத்தம். கியரைக் கொஞ்சம் முன்னால் இழுத்து, இடுக்கில் பிரேக் கிளீனரைத் தாராளமாக அடியுங்கள். காற்று அடித்துக் காயவிடுங்கள். மறுபடி அடித்து, மறுபடி காயவிடுங்கள். அந்தப் பரப்பில் விரல் படக்கூடாது. லாக்டைட், ஆன்டி-சீஸ் எதுவும் வேண்டாம்; காய்ந்த இரும்பில் காய்ந்த இரும்பு. உடனே கியரைத் தள்ளி நட்டை லேசாக இறுக்குங்கள். சரியான நிலையைக் காட்டச் செருகிய டைமிங் பின்களை எடுத்துவிட்டு, இன்ஜினைப் பாரால் பிடித்துக்கொண்டு முழு டார்க் கொடுங்கள். கியரிலும் ஷாஃப்ட் முனையிலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போட்டுவிட்டால் பிறகு சந்தேகம் வந்தால் மூடியைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். முதல் தடவை லோடு இழுத்துவிட்டு வந்ததும் பாருங்கள்.

பின்னைப் போட்டுக்கொண்டே டார்க் கொடுப்பது

பிளாஸ்டிக் பின். உடைந்து கியருக்குள் விழும்.

நட்டும் வாஷரும் கீழே விழுவது

பம்ப் கியருக்குக் கீழே திறந்த பள்ளம். அங்கே வாஷர் விழுந்தால் ஃபேன், பெல்ட், டாம்பர் என்று எல்லாம் கழற்றி ஃப்ரண்ட் கவரைத் திறக்க வேண்டும். நட்டைத் தொடும் முன் துணியை அடைத்துக்கொள்ளுங்கள். காந்தக் குச்சி கையிலேயே இருக்கட்டும்.

சுத்தியல்

கியர் வரவில்லை என்றால் புல்லர் போடுங்கள். ஷாஃப்ட்டைத் தட்டாதீர்கள்.

டவல் பின்னை மறப்பது

கியர் ஹவுசிங்கை நிலைநிறுத்தும் சின்ன இரும்புப் பின் ஒன்று இந்த இன்ஜின்களில் தானாகக் கழன்று கியர்களுக்குள் விழும். 'கில்லர் டவல் பின்' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. 24 வால்வு இன்ஜினில் இந்தப் பம்பை மாட்ட 12 வால்வு ஹவுசிங் போட்டாக வேண்டும். அந்தப் பின்னும் கூடவே வரும். முன்பக்கம் திறந்திருக்கும்போதே ஒரு தகடு வைத்துத் தடுத்துவிடுங்கள்.

எடுத்தவுடன் ஃப்யூயல் பிளேட்டில் கை வைப்பது

புது பம்ப் போட்ட சந்தோஷத்தில் அன்றைக்கே கவர்னர் மூடியைத் திறந்து, டீசல் அளவுக்கு வரம்பு வைக்கும் அந்தப் பிளேட்டை உருவிவிடுகிறார்கள். கறுப்புப் புகை கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும். டர்போவுக்கு முன்னால் வெப்பமானி இல்லாமல் டீசலை ஏற்றிக்கொண்டே போனால் பிஸ்டன் உருகும். டிரெய்லரோடு மேடு ஏறும்போதுதான் அது நடக்கும். முதலில் மீட்டர், பிறகு பிளேட். 1,250 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டி நின்றால் காலை எடுங்கள்.

நிறுத்த வழியில்லாமல் ஸ்டார்ட் பண்ணுவது

விபி44 வண்டியில் சாவியைத் திருப்பினால் இன்ஜின் நிற்கும். பி7100-க்கு மின்சாரமே தேவையில்லை. ஸ்டாப் லீவரை இழுக்க சொலினாய்டோ கேபிளோ மாட்டவில்லை என்றால் சாவியைப் பிடுங்கினாலும் ஓடிக்கொண்டே இருக்கும். டீசலைக் கூட்டிக் குறைக்கும் ராக் என்ற தண்டு சிக்கிக்கொண்டால் இன்ஜின் தறிகெட்டு ஏறும். லீவர் தாராளமாக அசைகிறதா என்று கையால் பாருங்கள். முதல் ஸ்டார்ட்டின்போது, தேவைப்பட்டால் காற்றை அடைத்து இன்ஜினை நிறுத்த, இன்னொருவர் கனமான பலகையோடு ஏர் இன்டேக் பக்கத்தில் நிற்கட்டும். வெறும் கையால் பொத்த வேண்டாம்.

கலிபோர்னியா

அங்கே 1998 மாடல் முதல் டீசல் வண்டிகளுக்கும் ஸ்மாக் செக் என்ற புகைப் பரிசோதனை உண்டு. வண்டி அங்கே பதிவானதென்றால் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

கசிவைக் கையால் தேடுவது

பைப்பிலிருந்து பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அட்டையால் தேடுங்கள். குத்திவிட்டால் காயம் ஊசிமுனை அளவுதான் தெரியும். கழுவிவிட்டு உட்காராமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், அழுத்தத்தில் டீசல் ஏறியது என்று சொல்லுங்கள்.